ஓட்டின் உள்பக்கம்

“தனிகா சான்!” என்று அந்த அம்மாள் கூப்பிட்டதும் நான்தான் திரும்பிப் பார்த்தேன். மூன்று வாரமாக இதே கூத்து. கூப்பிட்டது என்னை இல்லை, கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற என் மகன் இளம்பரிதியை. தணிகாசலம் என்கிற என் பேர் ஜப்பான்காரர்கள் வாயில் முழுசாக நுழைவதில்லை, பாதியில் நிறுத்தி மரியாதைக்கு ஒரு சான் ஒட்டிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் அவன் பேரோடு அப்பா பேர் என்று என் பேர் இருக்கிறதல்லவா, இந்த ஊர் வழக்கத்துக்கு அதுதான் குடும்பப் பேர், ஆளைக் கூப்பிடுவது அதைச் சொல்லித்தான். ஆபீசில் அவன் தனிகா சான். பல் டாக்டரிடம் தனிகா சான். அவன் பெண்டாட்டி தேன்மொழியைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி தனிகா சான் என்றுதான் கூப்பிடுகிறாள், இவளும் அவர்கள் பாஷையில் ஆமாங்க என்று ‘ஹை’ சொல்லிக்கொண்டு ஓடுகிறாள். நான் வந்த அன்று வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, அதில் கோடுகோடாக ஏதோ எழுத்து. “என்னடா எழுதியிருக்கு?” என்றேன். “உங்க பேருதாம்பா” என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தேன்மொழியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்று இவன் போனில் சொன்னபோது, வேறு சாதிப் பெண் என்பதற்காக நான் கத்தியது காட்பாடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. “இன்னையோட என் இனிஷியலை எடுத்துடு. உன் பேருக்கு முன்னாடி என் பேரு எங்கயும் இருக்கக் கூடாது. நீ யாரோ, நான் யாரோ.” சொன்னவன் நான். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து இருட்டுகிற வரை அவன் என் பேருக்குத்தான் ‘ஹை’ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

நாளைக் காலையில் எனக்கு விமானம். எழுபத்திரண்டு வயசு, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட், அது வைத்ததைக் கேள்விப்பட்டு இவன் டிக்கெட் அனுப்பினதால்தான் வந்தேன், இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவேனா என்பது எனக்கே தெரியாது. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. நாலே வார்த்தை. மூன்று வாரமாகக் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கிறேன், சுத்தமாக வருகிறது. அவன் எதிரே வந்து உட்கார்ந்ததும் “இன்னைக்கு மழை வருமா?” என்று கேட்கிறேன். சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம், ரயில் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாவதில்லை என்று பேசுகிறோம். இன்றைக்கு அவன் லீவு போட்டிருக்கிறான், தேன்மொழி வேலைக்குப் போயிருக்கிறாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும். இந்தக் கோட்டையை விட்டு வெளியே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் செய்துவிட்டேன். அகழியைத் தாண்டும்போது சொல்லலாம் என்று பார்த்தேன், தண்ணீரில் கொழுத்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கூட்டமாக வந்தன, அவன் போட்டோ எடுக்க நின்றுவிட்டான். பிறகு கல் சுவர். சரிவாக எழும்பி மேலே போகப்போக நிமிர்கிற சுவர், சுண்ணாம்பு கிடையாது, சிமெண்டு கிடையாது, கல்லோடு கல்லை உட்கார வைத்திருக்கிறார்கள். அரசாங்க வேலையில் முப்பத்துநாலு வருஷம் பாலமும் மதகும் கட்டினவன் நான், சும்மா சொல்லக் கூடாது, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சில கற்கள் மட்டும் சிவந்து தோல் உரிந்தாற்போல் இருந்தன. “தீயில வெந்ததுப்பா” என்றான். “உலகப் போர்ல குண்டு போட்டப்ப மேல இருந்த மரக்கோட்டை மொத்தமா எரிஞ்சு போச்சு. இந்தக் கல்லுதான் மிச்சம்.” அப்படியானால் மேலே வெள்ளைவெளேர் என்று ஐந்தடுக்குக் கூரையோடு நிற்கிறதே, அது? கிட்டே போய்த் தூணை விரல் முட்டியால் தட்டினேன். கான்கிரீட். மரம் மாதிரிப் பழுப்பு வண்ணம் அடித்த கான்கிரீட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் இன்னொரு கூத்து. கோட்டை, வாசற்படி, உள்ளே மங்கலான வெளிச்சம், என் காலே தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. தனிகா சான் என்று கூப்பிட்ட அந்த அம்மாள் ஓடி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பச்சைச் சட்டை, கழுத்தில் அட்டை, எண்பது வயசுக்குக் குறையாது, பேர் மொரிகாவா, சம்பளம் இல்லாமல் வந்து வழி காட்டுகிறவள். மரக்கோட்டையாக இருந்தால் கழற்றத்தான் வேண்டும், தரை கெட்டுப்போகும், இது கான்கிரீட் என்று அவள் சொன்னதைப் பரிதி எனக்குச் சொன்னான். கான்கிரீட்டுக்குச் செருப்பு போதும். முப்பத்துநாலு வருஷமாக நான் கட்டினது எதற்கும் யாரும் செருப்பைக் கழற்றினதில்லை, உண்மைதான். உள்ளே நுழைந்தால் லிப்ட். “ராஜா லிப்ட்லதான் போவாராடா?” என்றேன். பரிதி சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் அம்மா சரசாவின் மேல்பல் அப்படியே தெரிந்தது, நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு லிப்டின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரசா இருந்திருந்தால் இந்நேரம் என்னை இடித்திருப்பாள். ஒரு எழுத்துக்காகப் புள்ளைய விட்டுட்டு உக்காந்திருக்கீங்க, ஒரே ஒரு எழுத்து, அதை அவன் எழுதினா உங்களுக்கு எங்க வலிக்குது? ஒரு நாள் ரசம் தாளித்துக்கொண்டே இப்படித்தான் கேட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. நான் பேப்பரைத் திருப்பினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் போனபோது இவன் பத்தொன்பது மணி நேரம் பயணம் செய்து வந்து, மொட்டை அடித்துக்கொண்டு, கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் வரை இருந்துவிட்டுப் போனான். பதினாறு நாளும் ஒரே வீட்டில் இருந்தோம், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது என் மாத்திரை டப்பாவை மேஜையில் நகர்த்தி வைத்துவிட்டு “வரேம்பா” என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்.

இரண்டாவது தளத்தில் இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி, முகத்துக்கு ஓர் இரும்பு முகம், அதற்கு மீசைகூட வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆள் இல்லை. அடுத்த சுவரில் கோட்டை எரிகிற போட்டோ என்று பார்த்தேன், போட்டோ இல்லை, யாரோ பின்னால் நினைவிலிருந்து வரைந்தது. மொரிகாவா அம்மாள் அதன் எதிரே நின்று மெல்லிய குரலில் பேசினாள், பரிதி வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயசு. கூரை உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மீன் சிலை இருக்கும், தீ பிடிக்காமல் அது காக்கும் என்பது நம்பிக்கை, அன்றைக்கு முதலில் விழுந்ததே அந்த மீன்தானாம். பன்னிரண்டு வருஷம் வெறும் கல் மேடு. அப்புறம் ஊரார் சேர்ந்து இதைக் கட்டினார்கள். கட்டி முடித்த அன்று அவளுடைய அப்பா உள்ளே வரமாட்டேன் என்று அகழிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாராம். இது பொய்க் கோட்டை, நான் இருக்கிற வரை உள்ளே கால் வைக்கமாட்டேன் என்று. வைக்கவே இல்லையாம், செத்துப்போகிற வரை. “இப்ப இதையும் இடிச்சிட்டுத் திரும்ப மரத்துலயே கட்டலாம்னு பேசறாங்களாம்ப்பா. நிலநடுக்கத்துக்குத் தாங்காதாம். அந்தப் பேச்சு வந்தாலே இவங்களுக்கு அழுகை வருதாம். அப்பாவுக்குப் பொய்யா இருந்தது, எனக்கு இதுதான் கோட்டை, நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்ப மணல் சுமந்தேன்னு சொல்றாங்க.” மணலா என்று கேட்டேன். ஆமாம், பிள்ளைகள் எல்லோரும் ஆற்றிலிருந்து ஆளுக்கு ஒரு பை. எனக்கு அதற்கு மேல் கேலி பேச வாய் வரவில்லை. அகழிக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த மனுஷன்தான் கண்ணிலேயே நின்றான். வீம்பு பிடித்தவன். மகள் மணல் சுமந்து கட்டினதை ஒரு தடவை வந்து பார்த்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யாரைக் கேட்கிறேன் நான்? இதோ, இங்கேயே சொல்லிவிடலாம், நான் அன்னிக்கு, என்று நாக்கு மேலண்ணத்துக்கு வந்துவிட்டது, பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு இரண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள், நாங்கள் சுவரோரமாக ஒதுங்கினோம்.

மூன்றாவது தளத்தில் ஓடு. கண்ணாடிக்குள் ஒரு கூரை ஓடு, நம்ம ஊர் நாட்டு ஓட்டைவிடப் பெரிது, சாம்பல் நிறம், கனம் பார்த்தாலே தெரிகிறது, மல்லாக்க வைத்திருந்தார்கள். உள்பக்கத்தில் மையால் ஏதோ எழுதியிருந்தது. கூரையை மாற்றும்போது ஊர் ஜனங்கள் ஆளுக்கொரு ஓடு எடுத்துக் கொடுப்பார்களாம், அதன் உள்பக்கத்தில் பேரும் ஒரு வேண்டுதலும் எழுதி. அப்புறம் எழுத்து கீழே போகிற மாதிரி கவிழ்த்து மேலே வேய்ந்துவிடுவார்கள். யாரும் பார்க்க முடியாது. நூறு வருஷம் கழித்து ஓடு பிரிக்கிறவன் பார்த்தால்தான். நல்ல வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மொரிகாவா அம்மாள் தனிகா சான் என்று ஆரம்பித்து, மேலே கையைக் காட்டி, எட்டு விரலை விரித்து ஏதோ சொன்னாள். பரிதி தலையைக் குனிந்துகொண்டான். “என்னவாம்?” “ஒண்ணுமில்லப்பா. எட்டு வருஷத்துக்கு முன்னாடி கூரை மாத்தினப்ப நானும் ஒண்ணு எழுதினேன். அந்த எழுத்து வட்டவட்டமா இருந்ததுன்னு இவங்க இன்னும் ஞாபகம் வெச்சிருக்காங்க.” எட்டு வருஷம். நான் போனில் கத்தி மூன்று வருஷம் கழித்து. சரசா உயிரோடு இருந்தாள். “தமிழ்லயா எழுதினே?” “தமிழ்லதான்.” “என்னன்னு?” “பேருதாம்பா.” கேட்காமல் விட்டிருக்கலாம். பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி மேலே கேட்டேன். “எப்படி எழுதினே?” அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணாடியில் அவன் முகமும் ஓடும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. “இனிஷியலோடதான்” என்றான். பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், “யாருக்கும் தெரியாதில்லப்பா. கவுத்துதானே வெக்கிறாங்க” என்றான்.

மேலே போவதற்குப் படி, லிப்ட் அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு படியிலும் நெஞ்சில் ஏதோ கனத்தது, ஸ்டென்டா வேறா என்று சொல்லத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது கட்டாயம், பலகையில் இருப்பது கட்டாயம், அவன் விரும்பினாலும் எடுக்க முடியாது என்று மூன்று வாரமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். ஓட்டில் எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தமிழ் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லாத இடத்தில், யாரும் பார்க்காத பக்கத்தில், போடாதே என்று நான் சொன்ன எழுத்தைப் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறான், திருட்டுத்தனமாக, சொந்த அப்பன் பேரை. அந்த வெட்கம் என் காதைச் சுட்டது. பரிதி பின்னாலேயே வந்தான், என் முதுகுக்கு ஓர் அடி தள்ளிக் கையை வைத்துக்கொண்டு, தொடாமல். குழந்தையாக இருந்தபோது அவன் ஏணி ஏறினால் நான் அப்படித்தான் கை வைத்துக்கொண்டு நிற்பேன். உச்சியில் நாலு பக்கமும் கம்பிவலை, காற்று, ஊர் முழுக்கச் சின்னச் சின்னதாக, தூரத்தில் மலை, காக்கைகள் நம்ம காக்கையைவிடப் பெரிசு. குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே கூரை, ஆயிரக்கணக்கான ஓடு, எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. இதில் எது என்று கேட்டேன். “தெரியாதுப்பா. அவங்களுக்கே தெரியாது.” வெயில் ஒரு பக்கத்து ஓடுகளில் மட்டும் விழுந்திருந்தது, என் கண் அங்கேயும் இங்கேயும் அலைந்தது, இதாக இருக்குமோ, அதோ அந்த ஓரத்தில் நிறம் சற்றுக் குறைந்த ஒன்று, அதாக இருக்குமோ. எட்டு மழைக்காலம், எட்டுப் பனிக்காலம். நான் காட்பாடியில் அவன் போன் வந்தால் எடுக்காமல் அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அது இங்கே தண்ணீரை வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. இப்போது சொல். இதைவிட வேறு இடம் கிடைக்காது. பரிதி, என்றேன். என்னப்பா, என்றான். “காத்து அதிகமா இருக்கு, இறங்கலாம்” என்றேன். அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், முட்டி பிடிக்கிறது, லிப்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசை, படியிலேயே வந்தோம், ஒவ்வொரு தளமும் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது, இரும்பு முகத்தின் மீசை ஒரு தடவை தெரிந்து மறைந்தது. வெளியே போகிற வழியில் கடை. கடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் புது ஓடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், தூரிகை, மைக் கிண்ணம். முன்வாசல் கோபுரத்தை மரத்தில் திரும்பக் கட்டுகிறார்களாம், அதற்கு ஓடு. மொரிகாவா அம்மாள் எங்களுக்கு முன்னாலேயே லிப்டில் இறங்கி வந்து அங்கே நின்றிருந்தாள், ஓர் ஓட்டை எடுத்து என் எதிரே மல்லாக்க வைத்தாள். தூரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள். பரிதி, “வேணாம்னா விட்டுடுங்கப்பா” என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன். சட்டென்று மனசுக்குள் ஒரு வெளிச்சம், வாயால் வராவிட்டால் என்ன, எழுதிவிடலாமே. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. இதிலேயே எழுதிவிட்டால் போயிற்று, கவிழ்த்துவிடுவார்கள், நூறு வருஷம் இருக்கும். தூரிகையை மையில் தோய்க்கும்போது நான் கட்டின ஓர் ஓடைப் பாலம் ஞாபகம் வந்தது. கான்கிரீட் ஊற்றின பலகைப் பெட்டியைப் பிரித்து ஒரு தூணைப் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது, கலவை உள்ளே இறங்கவில்லை. மேஸ்திரி ஒரே மணி நேரத்தில் மேலே சிமெண்டு பூசி வழவழவென்று தேய்த்துவிட்டான், நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாலம் இன்னும் நிற்கிறது, ஆனால் மழை பெய்கிற ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் அந்த ஊர்ப் பேர் வந்திருக்கிறதா என்று தேடுவேன். உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். கவிழ்த்து வைக்கிற ஓட்டில் மன்னிப்பு எழுதுவது அந்தப் பூச்சு வேலைதான், வேறு இல்லை. அந்த அகழிக்கார மனுஷன்கூட இப்படி ஏதாவது எழுதி எங்கேயாவது புதைத்துவிட்டுப் போயிருப்பான், மகளுக்கு என்ன பிரயோஜனம்? எண்பது வயசிலும் அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டு நிற்கிறாள். மை நுனியில் திரண்டு சொட்டப் பார்த்தது. எழுதினேன். எழுத்து பெரிசாக, தெளிவாகத்தான் வந்தது. மை ஓட்டுக்குள் உடனே இழுத்துக்கொண்டது, அழிக்க முடியாது.

பரிதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “அப்பா” என்றான். “தப்பா எழுதிட்டீங்க. உங்க இனிஷியல் மு. தானே? தாத்தா பேரு முனுசாமி.” ஓட்டில் இ. தணிகாசலம் என்று இருந்தது. இ. அவன் பேருடைய முதல் எழுத்து. மகன் பேரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற அப்பன் எங்கள் ஊரில் கிடையாது, எந்த ஊரிலும் கிடையாது, அது எனக்குத் தெரியாதா? தூரிகையைக் கீழே வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன், ஜன்னலை இல்லை, பொத்தானை இல்லை, அவன் முகத்தை.

“இது தப்பு இல்லடா” என்றேன். “அன்னிக்கு நான் சொன்னதுதான் தப்பு.”

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சொல்லி முடித்துவிட வேண்டும் என்று மேலே சொன்னேன். “தேன்மொழிகிட்டயும் சொல்லணும். சாயங்காலம் அவ வந்ததும் சொல்றேன்.” அவன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான், குனிந்து என் எழுத்தின்மேல் வாயைக் குவித்து ஊதினான், ஏற்கனவே காய்ந்துவிட்ட மை. அவன் கண்ணிலிருந்து ஒன்று ஓட்டில் விழுந்தது, அதைக் கையால் துடைத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் மொரிகாவா அம்மாள் ஓட்டை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “தனிகா சான்?” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.